வைத்தியரைக் கேளுங்கள்: வெட்கத்தில் கழியும் மணித்தியாலங்கள்

பல்கலைக்கழக மாணவர்கள் எழுதியவையும், அவர்களைப் பற்றி வீட்டார் எழுதியவையுமாகச் சில கடிதங்கள் கடந்த மாதங்களில் சேர்ந்துவிட்டன. எழுதியவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியும் சுருக்கியும் அவற்றை இம்முறை ஒன்றாகத் தருகிறேன். "யோசனை கூடிப்போச்சு" என்று தொடங்கும் கடிதம் மூன்றாம் பந்தியில் பாலுறவு பற்றிய பயத்துக்கு வந்து சேருகிறது. பாலுறவு பற்றிய சந்தேகமாகத் தொடங்கும் கடிதமோ, நித்திரை இல்லை, புத்தகத்தைத் திறக்க மனமில்லை என்று முடிகிறது. வைத்தியசாலையில் இவ்விரண்டுக்கும் கதவும் வேறு, வரிசையும் வேறு. ஒரு கதவால் உள்ளே வரும் பிள்ளையிடம் மற்றக் கதவுக்குரிய கேள்வியை வைத்தியர்களாகிய நாங்களும் பெரும்பாலும் கேட்பதில்லை. இந்தப் பக்கத்திலாவது இரண்டையும் சேர்த்துக் கேட்டுப் பார்ப்போம்.

கேள்வி: மலையகத்திலிருந்து வந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறேன், கொக்குவிலில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். சென்ற அரையாண்டில் இரண்டு பாடங்களில் சித்தியடையவில்லை. அதே காலத்தில் நான்கு வருடக் காதலும் முறிந்துபோனது. ஐந்து வாரங்களுக்கு முன்னர் நண்பர்களுடன் கொழும்புக்குப் போனபோது, மதுபோதையில், பணம் கொடுத்து ஒரு பெண்ணுடன் ஆணுறை இன்றி உறவு கொண்டேன். பத்தாம் நாள் தனியார் ஆய்வுகூடமொன்றில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்தேன், தொற்று இல்லை என்று வந்தது. மூன்றாம் வாரம் மறுபடியும் செய்தேன், அப்போதும் இல்லை. ஆனாலும் வாயில் சிறு புண் வந்தாலே உடம்பு நடுங்குகிறது. இரவு இரண்டு மணிவரை கைப்பேசியில் நோய்க்குறிகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்குப் போனால் அம்மாவின் கோப்பையில் தேநீர் குடிக்கவும் பயமாக இருக்கிறது. எனக்கு எயிட்ஸ் வந்திருக்குமா?

பதில்: தம்பி, முதலில் தேநீரைக் குடியுங்கள். கோப்பையாலோ, உமிழ்நீராலோ, ஒரே கழிவறையைப் பாவிப்பதாலோ எச்.ஐ.வி. பரவுவதில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். தொற்றுள்ள பெண்ணொருத்தியுடன் ஆணுறை இன்றி ஒரு தடவை யோனிவழி உறவு கொள்ளும் ஆணுக்குத் தொற்று ஏற்படும் வாய்ப்பு சராசரியாகப் 10,000 இல் 4 ஆகும். இலங்கையின் வயது வந்தோரில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவு. நீங்கள் சந்தித்த சூழ்நிலையில் அந்த விகிதம் பொதுமக்களிடம் இருப்பதைவிடக் கூடுதலாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், உங்களுக்குத் தொற்றியிருக்கும் வாய்ப்பு மிகச் சிறியதே. இதை அடுத்த தடவைக்கான அனுமதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நித்திரை கொள்வதற்காகவே சொல்கிறேன்.

நீங்கள் செய்த பரிசோதனைகளில் இரண்டு குறைகள் இருக்கின்றன. ஒன்று, நாள். பத்தாம் நாளில் செய்த பரிசோதனையால் பயனில்லை. தொற்று இருந்திருந்தாலும் அதில் பிடிபட்டிருக்காது. வைரசின் கூறையும் அதற்கெதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளையும் சேர்த்துத் தேடும் ஆய்வுகூடப் பரிசோதனையை 45 நாட்களின் பின்னர் செய்து இல்லை என்று வந்தால் அதை நம்பலாம். விரலில் ஊசி குத்திச் செய்யும் விரைவுப் பரிசோதனையாயின் 90 நாட்கள் வரை பொறுக்க வேண்டும். மற்றக் குறை, நீங்கள் எச்.ஐ.வி.யை மட்டுமே தேடியிருக்கிறீர்கள். உங்கள் நிலையில் அதைவிட வாய்ப்புக் கூடியவை கொனோரியாவும் கிளமிடியாவும் சிபிலிசும்தான். சிபிலிசின் முதற் புண் வலி இல்லாமல் வந்து தானாகவே ஆறிவிடும். ஆறியதை நோய் போய்விட்டதாக எண்ணி இருந்துவிடுவார்கள். கிளமிடியா பலருக்கு எந்த அறிகுறியும் காட்டாது. மூன்றுமே மருந்தால் குணமாகக்கூடியவை. ஆகவே இந்த வாரமே யாழ். போதனா வைத்தியசாலையிலுள்ள பாலியல் நோய் சிகிச்சை நிலையத்துக்குப் போய், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். மூன்று மாத முடிவில் இன்னொரு முறை இரத்தம் கொடுத்தபின், அதோடு விட்டுவிடுங்கள்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். இத்தகைய உறவு நடந்து 72 மணித்தியாலங்களுக்குள் வைத்தியரிடம் வந்தால், ஆபத்தை மதிப்பிட்டு, தேவைப்படுமிடத்து 28 நாட்களுக்கு எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தொடங்க முடியும். எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன் உண்டு. அந்த மூன்று நாட்களையும் நம் பிள்ளைகள் என்ன செய்து கழிக்கிறார்கள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. "ஆர் பாப்பினம், ஆர் கண்டு சொல்லுவினம்" என்று யோசித்தே கழிக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை வாசித்தபோது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது வேறொன்று. பரீட்சை, காதல் முறிவு, பயணம் என்ற ஒழுங்கில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நித்திரை கெட்டது பயணத்துக்குப் பின்னரா, முன்னரா? முன்னரே சாப்பாட்டில் விருப்பம் குறைந்து, காலை நேரத்தில் எழும்ப மனமின்றி, துடுப்பாட்டத்தைப் பார்க்கவும் ஆர்வமில்லாமல் இரண்டு வாரங்களுக்கு மேல் இருந்திருந்தால், கொழும்புப் பயணத்துக்கு முன்பே உங்களை மனச்சோர்வு பிடித்திருக்கிறது. மனச்சோர்வில் இருப்பவர் தனக்கு ஒரு தீங்கு வந்தாலும் வரட்டும் என்ற அலட்சியத்தோடு நடப்பதுண்டு. மது அந்த அலட்சியத்தைப் பல மடங்காக்கும். பிறகு அதே மனச்சோர்வு, நடந்ததைக் குற்றமாகவும் வரப்போகும் நோயைத் தண்டனையாகவும் உருமாற்றிக்கொள்ளும். தண்டனையை எதிர்பார்த்து நிற்கும் மனத்துக்கு "இல்லை" என்ற பரிசோதனை முடிவு ஆறுதல் தராது. அதனால்தான் இரண்டு முடிவுகளும் உங்களுக்குப் போதவில்லை. பத்தாவது முடிவும் போதாது.

எனவே ஒரே வைத்தியசாலையில் இரண்டாவது கதவையும் தட்டுங்கள். உளமருத்துவப் பிரிவில் தரும் மருந்தை "விசர்க் குளிசை" என்று உங்கள் அறைத் தோழர்கள் சொல்லக்கூடும். மனச்சோர்வுக்கான குளிசைகள் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரங்கள் எடுக்கும். பழக்கமாகி அடிமைப்படுத்துபவை அல்ல. ஆனாலும் வைத்தியரைக் கேளாமல் இடைநடுவில் நிறுத்தக் கூடாது. சிலருக்குப் பாலுணர்வு மந்தமாகலாம். அதையும் வெட்கப்படாமல் சொன்னால் மருந்தை மாற்றலாம்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. அந்தப் பெண்ணைக் குறித்து உங்கள் கடிதத்தில் ஒரு சொல் இருந்தது. அதை நான் வெட்டிவிட்டேன். ஆணுறை இல்லாத அந்த உறவில் ஆபத்துக்கு உள்ளானது நீங்கள் மட்டுமல்ல.

கேள்வி: நான் இரண்டாம் வருட மாணவி. என் காதலர் வேறு பீடத்தில் இறுதி வருடம். "என்னில் நம்பிக்கை இருந்தால் அது எதற்கு" என்று கேட்டு ஆணுறையைப் பாவிக்க மறுக்கிறார். இரண்டு மாதங்களில் மூன்று தடவை அவசரக் கருத்தடைக் குளிசை போட்டுவிட்டேன். இனிக் குழந்தையே பிறக்காது என்று அறைத் தோழி சொல்கிறாள். மறுத்துப் பேசினால் என்னிடம் பெற்ற படங்களைப் பற்றி நினைவூட்டுகிறார். அவர் விட்டுப் போனால் என்னை யார் விரும்பப் போகிறார்கள் என்றே தோன்றுகிறது. வீட்டில் மூத்த பிள்ளை நான். யாரிடமும் சொல்ல முடியாது.

பதில்: பிள்ளை, குளிசையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவசரக் கருத்தடைக் குளிசை சூலகத்திலிருந்து முட்டை வெளிவருவதைப் பிற்போடுகிறது. உறவின் பின் 72 மணித்தியாலங்களுக்குள், இயன்றளவு விரைவாக எடுக்க வேண்டும். முட்டை வெளிவந்த பின்னர் எடுத்தால் பெரிதாகப் பயனில்லை. உண்டான கருவை அது கலைக்காது. கருப்பையைக் கெடுத்து மலடாக்கும் என்பது ஆதாரமற்ற கதை; மாதவிடாய் முன்பின்னாகத் தள்ளிப்போவது மட்டும் உண்மை. ஆனால் அடிக்கடி தேவைப்படுகிறது என்றால் அது உங்களுக்கேற்ற முறையல்ல, ஏனென்றால் தினமும் எடுக்கும் குளிசையோ ஊசியோ தரும் பாதுகாப்பை அது தருவதில்லை. எந்தக் குளிசையும் பாலியல் நோயைத் தடுப்பதுமில்லை. கடைசியாகப் போட்டு மூன்று வாரங்களாகியும் மாதவிடாய் வராவிட்டால், மருந்தகத்தில் கிடைக்கும் பட்டியால் சிறுநீரைச் சோதித்துப் பாருங்கள்.

எங்கள் நாட்டில் குடும்பத் திட்டச் சேவை, பெயரிலேயே தெரிவதுபோல, குடும்பமானவர்களை மனத்தில் வைத்தே அமைக்கப்பட்டது. திருமணமாகாத பெண் அந்தக் கிளினிக்கில் வரிசையில் நிற்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பது எனக்குத் தெரியும். வயது வந்த ஒருவர் கருத்தடை ஆலோசனை பெறுவதைச் சட்டம் தடுக்கவில்லை. வேண்டுமானால் ஒரு தனியார் பெண் வைத்தியரிடம் போகலாம். பாலியல் நோய் சிகிச்சை நிலையத்தில் ஆணுறைகள் இலவசமாகவே கிடைக்கும். கருக்கலைப்பைப் பொறுத்தவரை, 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டுமே இடமளிக்கிறது. அதனால் மறைவாக விற்கப்படும் குளிசைகளை நாடிப் பிள்ளைகள் ஆபத்துக்குள்ளாகிறார்கள். யாராவது அப்படி எடுத்து, காய்ச்சலோ நிற்காத இரத்தப்போக்கோ இருந்தால், தாமதிக்காமல் வைத்தியசாலைக்கு வர வேண்டும். அங்கே முதலில் உயிரைத்தான் பார்ப்பார்கள்.

நம்பிக்கை இருந்தால் அது எதற்கு என்று கேட்பவர், அதே வாயால் படங்களை நினைவூட்டுகிறார். இரண்டும் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்தும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். விருப்பம் என்பது ஒருமுறை கொடுத்து முடிந்துபோகும் பொருளல்ல. ஒவ்வொரு தடவையும் கேட்டுப் பெற வேண்டியது. பயத்தால் சொல்லும் சம்மதம் சம்மதமாகாது. படங்களைப் பற்றி அவர் அனுப்பிய வட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல், திகதி தெரியும்படி திரைப்பிரதி எடுத்து, நம்பிக்கையான ஒருவரிடமும் ஒரு பிரதியைக் கொடுத்து வையுங்கள். படங்களை அழிக்கிறேன் என்று தனியே அழைத்தால் போகாதீர்கள். பெண்களுக்கான 1938 என்ற அரச தொலைபேசி உதவி இலக்கத்தில் ஆலோசனை கேட்கலாம். பொலிஸ் நிலையங்களில் சிறுவர் மற்றும் பெண்கள் பிரிவும் இருக்கிறது. முறையிடுவதா இல்லையா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

"என்னை யார் விரும்பப் போகிறார்கள்" என்ற அந்த ஒரு வரி என்னைக் கூடுதலாக உறுத்துகிறது. தான் ஒன்றுக்கும் உதவாதவள் என்ற எண்ணம் மனச்சோர்வின் முக்கியமான அறிகுறிகளில் ஒன்று. அந்த எண்ணம் இருக்கும்வரை ஒருவரால் "ஆணுறை இல்லாமல் முடியாது" என்று உறுதியாகச் சொல்ல இயலாது. சொல்ல இயலாமல் இணங்கிய ஒவ்வொரு தடவையின் பின்னும் அந்த எண்ணம் இன்னும் ஆழமாக வேரோடும். செக்குமாடு போல இந்த வட்டத்தில் சுற்றிக்கொண்டிருப்பவர்களிடம் "துணிவாக மறுத்துவிடுங்கள்" என்று மட்டும் அறிவுரை சொல்வதால் பயனில்லை. முதலில் அந்தத் தாழ்வுணர்வுக்கு உதவி வேண்டும். யாழ்ப்பாணத்தில் சாந்திகம் போன்ற உளவளத்துணை நிலையங்கள் இருக்கின்றன. பல்கலைக்கழகத்திலும் மாணவர் ஆலோசகர்கள் உண்டு. ஆனால் அவர்களே விரிவுரையாளர்களாகவும் உங்கள் விடைத்தாளைத் திருத்துபவர்களாகவும் இருப்பதால், வெளியே ஒருவரிடம் கதைப்பது சுகம் என்று நினைத்தால் அதில் பிழையில்லை.

கேள்வி: என் மகள் அமைதியான பிள்ளை. பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பின்னர் ஒருமுறை சில மாதங்கள் அறைக்குள்ளேயே முடங்கியிருந்தாள், பிறகு சரியாகிவிட்டாள். இப்போது மூன்று வாரங்களாக இரவில் இரண்டு மணித்தியாலம்தான் நித்திரை, களைப்பும் இல்லை. நிறுத்தாமல் கதைக்கிறாள், கடன் வாங்கி உடுப்பு வாங்குகிறாள், பெரிய நிறுவனம் தொடங்கப்போவதாகச் சொல்கிறாள். முன்பின் தெரியாத ஆண்களோடு இரவில் வெளியே போனதாக அறிந்து இடிந்துபோனேன். யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்கிறார் என் அண்ணா. கலியாணம் பேசும் வயதில் இப்படியா? வடமராட்சியிலிருந்து ஒரு தாய்.

பதில்: அம்மா, இன்றே கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் எழுதியிருப்பது, மனநிலை ஒருகாலம் அடிமட்டத்துக்கு இறங்கியும் இன்னொருகாலம் அளவுக்கு மீறிக் கிளர்ந்தும் மாறும் நோயின் கிளர்ச்சிக் கட்டத்தைப் பெரிதும் ஒத்திருக்கிறது. பெரும்பாலும் பதின்ம வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளின் முற்பகுதியிலும், அதாவது பிள்ளைகள் வீட்டை விட்டு வெளியே படிக்கும் காலத்தில்தான், இது முதலில் தலைகாட்டுகிறது. நித்திரை குறைந்தும் களைக்காமல் இருப்பது இதன் முக்கியமான அடையாளம். பாலுணர்வு மிகுவதும், விளைவைப் பற்றிய பயம் அற்றுப்போவதும் அந்தக் கட்டத்தின் கூறுகளே. உங்கள் வளர்ப்பின் குறையல்ல, மகளின் குணமும் அல்ல. தெளிந்த பின்னர் அவளே வெட்கத்தால் நொறுங்கிப்போவாள். அப்போது நீங்கள் சொல்லப்போகும் முதல் வார்த்தையை இப்போதே யோசித்து வையுங்கள்.

தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் யாழ். போதனா வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் உள்ளன. வைத்தியரிடம் மூன்று விடயங்களைத் தவறாமல் சொல்லுங்கள்: முன்பு முடங்கியிருந்த காலம், இப்போதைய நித்திரை, வெளியே போன விபரம். கடைசியை மறைத்தால் கர்ப்பப் பரிசோதனையும் தொற்றுப் பரிசோதனையும் விடுபட்டுப்போகும். இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்நோய்க்குக் கொடுக்கப்படும் மருந்துகளில் ஒன்றான வல்புரோயேற், கர்ப்பத்தில் எடுத்தால் பத்துக்கு ஒரு குழந்தை அளவில் பிறவிக் குறைபாட்டை உண்டாக்கக்கூடியது. அதனால் இளம் பெண்களுக்கு அதைத் தவிர்க்கவே பார்ப்போம். லிதியம் முதலான வேறு மருந்துகள் இருக்கின்றன. லிதியம் எடுத்தால் இரத்தத்தில் அதன் அளவை ஒழுங்காகச் சோதிக்க வேண்டும். கோவிலுக்குப் போய் நூல் கட்டுவதை நான் தடுக்கவில்லை. வைத்தியசாலைக்குப் போய்வரும் வழியில் கட்டுங்கள்.

கேள்வி: முதலாம் வருட மாணவன். சுயஇன்பப் பழக்கத்தாலும் இரவில் தானாக விந்து வெளியேறுவதாலும் உடம்பு மெலிந்து, ஞாபகசக்தி குறைந்து, நரம்புத் தளர்ச்சி வந்துவிட்டது. விளம்பரத்தில் பார்த்த ஒரு மருந்தை 18,000 ரூபா கொடுத்து வாங்கினேன், குணமில்லை.

பதில்: அது உங்கள் மகாபொலப் புலமைப்பரிசில் பணமாக இராது என்று நம்புகிறேன். இரவில் விந்து வெளியேறுவது உடலின் இயல்பு. சுயஇன்பத்தால் நரம்பும் தளராது, ஞாபகமும் குறையாது, பின்னாளில் மணவாழ்வும் கெடாது. "ஒரு துளி விந்து இத்தனை துளி இரத்தம்" என்ற கணக்குக்கு உடற்றொழிலியலில் இடமில்லை. ஆனால் மெலிவும் மறதியும் உண்மையாகவே இருக்கலாம். தெற்காசிய இளைஞர்களிடம் பதகளிப்பும் மனச்சோர்வும் இந்த வேடத்தில் வருவது மிகச் சாதாரணம். மனம் சோர்ந்திருக்கிறது என்று சொல்லக் கூச்சப்படுபவர் விந்து போகிறது என்று சொல்லி வைத்தியம் தேடுகிறார். புதிய இடம், பகிடிவதை, ஆங்கிலத்தில் விரிவுரை என்று முதலாம் வருடத்தில் சோர்வுக்குக் காரணமா இல்லை? பகிடிவதை உடல்மீதோ அந்தரங்கத்தின்மீதோ கை வைப்பதாக இருந்தால், அது 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். மனச்சோர்வுள்ள பல்கலைக்கழக மாணவரிடம் ஆபத்தான பாலியல் நடத்தை கூடுதலாகக் காணப்படுவதாக ஒரு கட்டுரையில் வாசித்தேன். அப்படியாயின் மனநோய்தான் ஒழுக்கத்தைக் கெடுக்கிறதா? இவர்களிடம் ஆணுறையைப் பற்றிப் பேசுவது, போகாத ஊருக்கு வழி சொல்வதாகாதா?

பதில்: ஐயா, அத்தகைய ஆய்வுகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன, இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாகப் பலவற்றில் தெரிகிறது. ஆனால் அவற்றுட் பெரும்பாலானவை ஒரே நாளில் ஒரு வினாக்கொத்தைக் கொடுத்து நிரப்பி வாங்கியவை. அப்படி வாங்கும்போது இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கிறது என்று தெரியுமே தவிர, எது முந்தியது என்று தெரியாது. இந்தப் பக்கத்தின் முதற் கடிதத்தில் சோர்வு முந்தியிருக்கலாம். இரண்டாவதில் வற்புறுத்தலும் சோர்வும் ஒன்றையொன்று வளர்த்தன. சிறுவயதில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானவரிடம் இரண்டும் அந்தப் பழைய காயத்திலிருந்தே கிளைக்கலாம். மதுவும் போதைப்பொருளும் இரண்டையும் ஒருங்கே கூட்டும். போதாததற்கு, நம் சமூகத்தில் ஒரு பெண்பிள்ளை அந்த வினாக்கொத்தில் உண்மையை எழுதுவாளா என்பதும் ஒரு கேள்வி.

"ஆபத்து" என்ற சொல்லையும் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். ஆணுறை இல்லாமை, போதையில் நடப்பது, துணையின் தொற்று நிலை தெரியாமை, ஒரே காலத்தில் பல துணைகள் என்று வைத்தியத்தில் அதை அளக்கிறோம். ஒழுக்கத்தை அளக்கும் கோல் வேறு. மணமான ஒருவர் வெளியூரில் பாதுகாப்பற்ற உறவு வைத்துத் தொற்றோடு வீடு திரும்பினால், அவருடைய மனைவி சமூகத்தின் கண்ணில் ஒழுக்கமானவரே. ஆபத்து மட்டும் அவரைச் சுற்றி நிற்கிறது.

வழி சொல்வதைப் பற்றிக் கேட்டீர்கள். பாலியல் கல்வி பிள்ளைகளின் பாலுறவை முற்கூட்டியே தொடங்கச் செய்வதில்லை என்றே யுனெஸ்கோ 2009 இலும் 2018 இலும் வெளியிட்ட வழிகாட்டல்களுக்காகத் தொகுத்த ஆய்வுகள் காட்டின. தங்கள் காலத்துப் பிள்ளைகள் பத்தொன்பதில் பல்கலைக்கழகம் புகுந்திருக்கலாம். இப்போது உயர்தரப் பரீட்சையும் அனுமதியும் தள்ளித் தள்ளிப்போய், இருபத்தொன்றிலும் இருபத்திரண்டிலும் புகுந்து, இருபத்தாறு வயதில் வெளியே வருகிறார்கள். அவர்கள் போகாத ஊர் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆறாம் தரத்துப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியை 2017 முதல் பாடசாலையிலேயே போடுகிறோம். அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் பாலுறவால் பரவுவது என்பதை எத்தனை வகுப்பறைகளில் வாய்திறந்து சொல்கிறோம்?

கேள்வி: எனக்கு ஆண்கள்மீதே நாட்டம். விடுதியில் ஒருவருக்கும் தெரியாது. செயலி மூலம் அறிமுகமாகும், பெயர்கூடத் தெரியாதவர்களைச் சந்திக்கிறேன். அவசரத்தில் பாதுகாப்பைப் பற்றி நினைப்பதில்லை. திரும்பி வந்தபின் என்னையே வெறுக்கிறேன். சில இரவுகளில் இனி இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறது. இதை மாற்ற மருந்து உண்டா?

பதில்: தம்பி, கடைசிக்கு முந்திய வரிக்கே முதலில் பதில். அந்த எண்ணம் வரும் இரவில் தனியே இருக்க வேண்டாம். 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் சேவை அது, எந்நேரமும் பேசலாம். எண்ணம் திட்டமாக மாறுவதுபோல் இருந்தால், நேரே வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற சட்டம் 1998 இலேயே நீக்கப்பட்டுவிட்டது. பொலிசுக்குப் பயந்து உதவியைத் தள்ளிப்போட வேண்டாம்.

மாற்ற மருந்து இல்லை, ஏனென்றால் மாற்றுவதற்கு அங்கே நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து 1990 இல் நீக்கிவிட்டது. மாற்றித் தருகிறோம் என்று பணம் வாங்குவோர் உங்கள் வெறுப்பை இன்னும் கூட்டித்தான் அனுப்புவார்கள். தன்பாலுறவைக் குற்றமாக்கும், எங்கள் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் ஏட்டில் இருக்கின்றன. அவற்றைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் 2023 இல் தீர்மானித்தது. சிகிச்சைக்கு வருபவரின் நாட்டத்தை வைத்தியர் யாருக்கும் அறிவிக்க வேண்டியதில்லை.

உடல்நலக் கணக்கையும் மறைக்காமல் சொல்கிறேன். முதற் கடிதத்தில் 10,000 இல் 4 என்றேன். ஆசனவாய்வழி உறவில், தொற்றுள்ள துணையிடமிருந்து ஏற்கும் நிலையில் உள்ளவருக்கு அது 138 ஆகும். ஆகவே ஆணுறையோடு நீர் சார்ந்த வழுக்கியையும் பாவிக்க வேண்டும். தேங்காயெண்ணெயும் வசலினும் ஆணுறையைக் கிழியச் செய்யும். தொற்றுவதற்கு முன்பே எடுக்கும் எச்.ஐ.வி. தடுப்புக் குளிசையும் இலங்கையில் பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களூடாகக் கிடைக்கிறது. அதைப் பற்றிக் கேளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனையும் அவசியம்.

அவசரத்தில் பாதுகாப்பை நினைப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அவசரம் ஆசையால் மட்டும் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. யாரும் காணுமுன் முடித்துவிட்டு ஓட வேண்டும் என்ற பயமும் அதில் இருக்கிறது. ஒரேயொரு ஆளிடமாவது, அது உளவளத்துணையாளராக இருந்தாலும் போதும், உங்களைப் பற்றிச் சொல்லக் கிடைத்தால் அந்த அவசரம் எவ்வளவு குறைகிறது என்று கவனித்து எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: பாலியல் நோய் சிகிச்சை நிலையத்துக்குப் போகக் கடிதம் வேண்டுமா? பல்கலைக்கழகத்துக்குத் தெரியவருமா?

பதில்: கடிதம் வேண்டாம், கட்டணமும் இல்லை. பெயருக்குப் பதிலாக ஓர் இலக்கத்தால் உங்களைக் குறிப்பார்கள். பல்கலைக்கழகத்துக்கோ வீட்டுக்கோ அறிவிக்க மாட்டார்கள். துணையோடு சேர்ந்து போனால் இன்னும் நல்லது. சிறுநீரைச் சோதிக்க வேண்டி வரலாம். போவதற்கு முன் ஒரு மணித்தியாலமாவது சிறுநீர் கழிக்காமல் இருங்கள்.